புகழ்பெற்ற நாத்திக நூல்கள்: வாதம் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது

உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் ‘தி காட் டெல்யூஷன்’ 2006இல் வெளிவந்து 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. புத்தகத்தின் உயிர்நாடி நான்காம் அத்தியாயம். கடவுள் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி என்று அங்கேதான் அவர் நிறுவ முனைகிறார். அத்தியாயத்தின் முடிவில் மொத்த வாதத்தையும் ஆறு கூற்றுகளாகச் சுருக்கியும் தருகிறார். எண் போட்டு வாதத்தை வைப்பவரை மதிக்க வேண்டும். சரிபார்க்க வழி விடுகிறார். சரிபார்ப்போம்.

உயிர்களிடம் தெரியும் சிக்கலான ஒழுங்கு எப்படி வந்தது என்பது மனித அறிவுக்குப் பெரும் சவால். இது முதல் கூற்று. யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு, இது இரண்டாவது. அப்படி நினைத்தால் வடிவமைத்தவரை வடிவமைத்தவர் யார் என்ற இன்னும் பெரிய கேள்வி எழும், ஆகவே அந்த எண்ணம் தவறு, இது மூன்றாவது. உயிரியலில் இயற்கைத் தேர்வு என்ற விடையை டார்வின் தந்துவிட்டார், இயற்பியலில் அதற்கு ஈடான விடை இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட வேண்டாம்; இவை மீதி மூன்று.

முதலிரண்டும் வெறும் நிலவரம். நான்காவது அறிவியல் உண்மை. ஐந்தாவது ஒப்புதல், ஆறாவது ஆசை. பாரம் முழுக்க மூன்றாவதின் தலையில் இருக்கிறது. ஆறையும் அப்படியே ஏற்றுக்கொண்டாலும், உலகின் ஒழுங்கை வைத்துக் கடவுளை நிறுவ முடியாது என்பது வரைதான் போக முடியும். கடவுள் இல்லை என்பது வேறு கூற்று. வேறு ஏதோ காரணத்துக்காகக் கடவுளை ஏற்றவரை இந்த ஆறும் தொடவே தொடாது.

மூன்றாவதுக்குள்ளேயும் சொல்லாமல் விட்ட ஒன்று ஒளிந்திருக்கிறது. சிக்கலான ஒன்றை உண்டாக்குபவர் அதைவிடச் சிக்கலானவராக இருக்க வேண்டும் என்பதே அது. டாக்கின்ஸ் 1986இல் எழுதிய ‘தி பிளைண்ட் வாட்ச்மேக்கர்’ நூலில் சிக்கலுக்கு ஓர் இலக்கணம் சொல்லியிருக்கிறார்: தற்செயலாகக் கூடிவர வாய்ப்பே இல்லாத விதத்தில் பல உறுப்புகள் கோக்கப்பட்டிருப்பது. கிறித்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 2007இல் எழுதிய மதிப்புரையில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். உறுப்புகளே இல்லாத ஒன்றுக்கு இந்த இலக்கணம் எப்படிப் பொருந்தும்? உடலற்ற கடவுளைப் பற்றிப் பேசும்போது அவரை ஒரு பெரிய இயந்திரம்போல வைத்து நிகழ்தகவு பார்ப்பது, நிறுவ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதாகும்.

அதற்காக வாதம் முடிந்துபோனது என்று நினைக்க வேண்டாம். செப்பனிடலாம். கடவுள் உறுப்புகளற்றவர், மிக எளியவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர் எந்த மாதிரி உலகை உண்டாக்குவார் என்று முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. விண்மீன்களும் கரிமமும் மனிதரும் உள்ள உலகைத்தான் அவர் விரும்புவார் என்று சேர்த்தால்தான் இந்த உலகுக்கு அவர் விளக்கமாவார். சேர்த்த மறுகணம் அந்தக் கருதுகோள் பழைய எளிமையை இழந்துவிடும். எளிமை, விளக்கும் ஆற்றல் இரண்டையும் ஒரே மூச்சில் கோர முடியாது என்பதே செப்பனிட்ட வடிவம். வடிவமைப்பாளரின் நோக்கத்தைத் தனியே தெரிந்துகொள்ளாமல் இந்த வாதம் நகராது என்று தத்துவவாதி எலியட் சோபர் எழுதியிருப்பதும் இதற்கு உறவுதான். புகழ்பெற்ற புத்தகத்தில் இந்த வடிவம் இல்லை.

இதே இடத்தில் பழைய கூர்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தி, ஈசுவரனை நிறுவ நையாயிகர், அதாவது நியாய மரபுத் தருக்கவாதிகள், காட்டிய ஏதுவை (காரணத்தை) எடுத்துக்கொண்டார். குடத்துக்கு வடிவம் உண்டு, குயவன் செய்தான். மலைக்கும் வடிவம் உண்டு, ஆகவே அதையும் ஒருவன் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. மண்ணால் ஆன வடிவம் என்பதே போதுமென்றால் புற்றையும் குயவன் செய்தான் என்று சொல்ல வேண்டிவரும் என்றார் தர்மகீர்த்தி. செய்பவனைக் கண்டு பழகிய வகைப் பொருளில் மட்டுமே அந்த ஏது செல்லும். 1779இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல் நூலும் கிட்டத்தட்ட இந்த வழியிலேயே நடக்கிறது. டார்வினோ இயற்பியலோ இல்லாமலே நிற்கிற மறுப்பு இது. கடவுளின் சிக்கலை அளக்கும் வேலையும் கிடையாது.

மூன்று கூற்றுகள், ஒரே உறை

2004 முதல் 2007 வரை அடுத்தடுத்து வந்த நான்கு பேரின் நூல்களைத்தான் பொதுவாகப் ‘புதிய நாத்திகம்’ என்கிறார்கள்: சாம் ஹாரிஸின் ‘தி எண்ட் ஆஃப் ஃபெய்த்’ (2004), டேனியல் டெனட்டின் ‘பிரேக்கிங் த ஸ்பெல்’ (2006), டாக்கின்ஸின் நூல், கிறிஸ்டோஃபர் ஹிச்சென்ஸின் ‘காட் இஸ் நாட் கிரேட்’ (2007). நான்கிலும் மூன்று வெவ்வேறு கூற்றுகள் மாறி மாறி வரும். கடவுள் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பது ஒன்று. கடவுள் இல்லை என்பது இன்னொன்று. மதம் தீங்கு செய்கிறது என்பது மூன்றாவது. ஒன்று உண்மையாகி மற்ற இரண்டும் பொய்யாக இருக்க எந்தத் தடையும் இல்லை. படிக்கும்போது பக்க ஓரத்தில் 1, 2, 3 என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், மூன்றாவதுக்குக் குவித்த சான்றை இரண்டாவதுக்குக் கணக்கு வைக்கும் பத்திகள் தாமே கண்ணில் படும்.

ஹிச்சென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். நடையில் நால்வரில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாதத்தில்தான் கசிவு அதிகம். மதம் எல்லாவற்றையும் நஞ்சாக்குகிறது என்பது அவர் துணைத்தலைப்பு. ‘எல்லாவற்றையும்’ என்று சொல்லிவிட்டால் எதிர்க்காட்டு ஒன்றே போதும், கூற்று விழுந்துவிடும். மார்ட்டின் லூதர் கிங் என்ற பாதிரியார் எதிரே நிற்கிறார். ஹிச்சென்ஸ் என்ன செய்கிறார்? கிங் பெயரளவில்தான் கிறித்தவர், உள்ளபடி கிறித்தவரே இல்லை என்கிறார். மறுபக்கம் ஸ்டாலின் நிற்கிறார். அவருடைய ஆட்சி மதத்தின் சாயலில் நடந்த ஆட்சி, ஆகவே மதக் கணக்கில்தான் சேரும் என்கிறார். நல்லது செய்த விசுவாசி இந்தப் பக்கம் வந்துவிடுகிறார், கெட்டது செய்த நாத்திகர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இப்படி ஆள் மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த வரலாற்றாலும் அந்தக் கூற்றை அசைக்க முடியாது. அசைக்க முடியாத கூற்றுகளுக்காகத்தான் மதவாதிகளை அவர் பக்கம் பக்கமாகக் கேலி செய்திருக்கிறார்.

டெனட் ஜாக்கிரதையானவர். மத நம்பிக்கை மனித மூளையிலும் சமூகத்திலும் எப்படி முளைத்தது என்று விளக்குவதே அவர் நூல். கடவுள் உண்டா என்ற வாதங்களுக்கு அதில் சில பக்கங்கள்தான். ஆனால் அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த ஜாக்கிரதையை விட்டுவிடுகிறார்கள். ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டால் அது பொய் என்றாகாது. கூட்டல் கழித்தல் திறனும் பரிணாமத்தில் வந்ததுதான். நம்பிக்கையை உண்டாக்கும் வழி, விஷயம் உண்மையோ பொய்யோ ஒரே மாதிரிதான் வேலை செய்யும் என்று காட்டினால், அந்த நம்பிக்கையைச் சான்றாகக் காட்ட முடியாது என்பது வரை போகலாம். அதற்கு மேல் ஓர் அடியும் போக முடியாது.

அக்வினாஸ் விஷயம்

இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடவுளை நிறுவ வைத்த ஐந்து வாதங்களுக்கு ‘ஐந்து வழிகள்’ என்று பெயர். அவற்றை டாக்கின்ஸ் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். காரண காரியச் சங்கிலி பின்னோக்கிப் போய் எங்கோ நிற்க வேண்டும் என்பதே அக்வினாஸின் பேச்சு என்றும், நிற்கிற இடத்துக்கு எல்லாம் வல்லவர், நல்லவர் என்ற குணங்களைத் தர எந்தக் காரணமும் இல்லை என்றும் எழுதுகிறார். இரண்டிலும் தவறு இருக்கிறது. முதல் வழியில் வரும் சங்கிலி காலத்தில் பின்னோக்கிப் போவதில்லை. கை கோலை நகர்த்துகிறது, கோல் கல்லை நகர்த்துகிறது. எல்லாம் ஒரே நேரத்தில். உலகுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது என்று ஐந்து வழிகள் வரும் அதே நூலில் அக்வினாஸே எழுதியிருக்கிறார். குணங்கள் விஷயத்திலும், ஐந்து வழிகளை அடுத்து வரும் வினாக்கள் முழுக்க அதற்கான வாதங்கள்தான். அந்த வாதங்கள் செல்லுமா என்பது தனி வழக்கு. இல்லவே இல்லை என்று சொல்வது பிழை.

இந்தப் பிழைகளால் இரண்டு நல்ல அடிகள் கைநழுவிப் போயின. ஒன்று, நகரும் பொருள் நகர்ந்துகொண்டே இருக்க, இப்போது யாரும் தள்ள வேண்டியதில்லை என்ற நிலைம விதி. அதைப் போலவே இருக்கும் பொருள் இருந்துகொண்டே இருக்க யாரும் தாங்க வேண்டியதில்லை என்று வாதிட இடம் உண்டு. இன்றைய தத்துவ இதழ்களில் சூடாக நடக்கும் வழக்கு இது. இன்னொன்று மூன்றாம் வழியில் உள்ள ஓட்டை. அழியக்கூடிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் இல்லாமல் இருந்திருக்கும், ஆகவே எதுவுமே இல்லாத காலம் ஒன்று இருந்திருக்கும் என்று அங்கே ஒரு தாவல் நடக்கிறது. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு நாளாவது விடுப்பு எடுத்தார்கள் என்பதால், எல்லோரும் விடுப்பில் இருந்த நாள் ஒன்று உண்டு என்றாகுமா? தருக்க வகுப்பில் முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் தவறு இது. மணிமேகலையின் 29ஆம் காதை, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது, எடுத்துக்காட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய போலிகளை வரிசையாக அடுக்கித் தருகிறது. அப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இரு தரப்பு நூல்களிலும் நிறைய அகப்படும்.

‘அரசர் நிர்வாணமாக இருக்கிறார் என்று சொல்ல ஆடைக் கலை படித்திருக்க வேண்டுமா?’ என்ற தொனியில், டாக்கின்ஸை ஆதரித்து, 2006இல் உயிரியலாளர் பி.இசட். மையர்ஸ் ஒரு கிண்டல் எழுதினார். அதில் பாதி நியாயம். கடவுளை ஏற்காமலிருக்க எவரும் இறையியல் நூலகத்தைக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. அக்வினாஸ் சொன்னது தப்பு என்று அச்சிடுபவர் மட்டும் அக்வினாஸைப் படித்திருக்க வேண்டும்.

ஆய்வு முடிவை வாதமாக்கும்போது

2006 ஏப்ரலில் ‘அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்’ இதழில் வந்த பிரார்த்தனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று இரண்டு குழுக்களிடம் சொன்னார்கள். ஒன்றுக்கு நடந்தது, மற்றதுக்கு நடக்கவில்லை. சிக்கல் ஏற்பட்டோர் முறையே 52%, 51%. நிச்சயமாக நடக்கிறது என்று சொல்லப்பட்ட மூன்றாம் குழுவில் 59%. செலவில் பெரும்பங்கு, மதத்தின்மீது பரிவு கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளையுடையது. டாக்கின்ஸ் இதை ரசித்து எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து என்ன வரும்? முன்பின் தெரியாதவர்கள், பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டால் அறுவைச் சிக்கல் அளக்கத்தக்க அளவு குறையும் என்ற கருதுகோளுக்கு இது பலத்த அடி. கடவுள் இல்லை என்பதற்கு? மிகச் சிறிய அளவே. சோதனைக்கு உட்பட மாட்டார் என்று நம்பப்படும் ஒருவரைச் சோதனையில் காணவில்லை என்பது பெரிய செய்தி ஆகாது.

ஆனால் ஆத்திகர் இங்கே முழுக்கத் தப்ப முடியாது. முடிவு மாறி வந்து, பிரார்த்தனை நடந்த குழுவில் சிக்கல் பாதியாகக் குறைந்திருந்தால் அதைக் கடவுளுக்குச் சான்றாகக் கொண்டாடியிருப்பார்களா, இல்லையா? கொண்டாடியிருப்போம் என்றால், குறையாததையும் எதிர்ச்சான்றாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு முடிவு நிகழ்தகவை ஏற்றுமென்றால் அதற்கு நேரெதிர் முடிவு இறக்கியே ஆக வேண்டும். இது நிகழ்தகவுக் கணிதம், இதில் பேரம் கிடையாது. எவ்வளவு இறக்கும் என்பதுதான் கேள்வி.

இதே கணக்கு ரஸ்ஸலின் தேநீர்க்கெண்டிக்கும் பொருந்தும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் பீங்கான் கெண்டி, எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத அளவு சிறியது. இல்லை என்று நிறுவ முடியாது என்பதற்காக அதை ஏற்க வேண்டுமா என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல் கேட்டார். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இது அருமையான விடை. இல்லை என்ற முடிவுக்குச் சான்றாக மட்டும் இதைப் பயன்படுத்த முடியாது. கெண்டி இல்லை என்று நாம் உறுதியாகச் சொல்வது, காணவில்லை என்பதால் இல்லை. கெண்டி எங்கே செய்யப்படுகிறது, அதை விண்ணில் ஏற்ற என்னென்ன வேண்டும், அப்படி யாரும் ஏற்றவில்லை என்பதெல்லாம் தெரியும் என்பதால். சான்று இல்லாமை எப்போது எதிர்ச்சான்றாகும்? இருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று காட்டும்போது மட்டும். அதைக் காட்டுவதுதான் உழைப்பு. ஜே.எல். ஷெல்லன்பெர்க் 1993இல் அந்த உழைப்பைச் செய்தார்: முழு அன்புள்ள கடவுள் இருந்தால், அவருடன் உறவுக்குத் தயாராக இருப்பவர் யாரும் தம் குற்றமின்றி நம்பாமல் இருக்க நேராது, அப்படி நேர்கிறது, ஆகவே அப்படிப்பட்ட கடவுள் இல்லை. ஒவ்வொரு படியிலும் கைவைத்து மறுக்கலாம், மறுத்தும் இருக்கிறார்கள். வாதம் என்பது அப்படி இருக்க வேண்டும்.

தீமைச் சிக்கல்: அலமாரியில் விட்டுவந்த ஆயுதம்

நாத்திகத்தின் மிகப் பலமான வாதத்தை டாக்கின்ஸ் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடுகிறார். தீமை இருப்பது நல்ல கடவுளுக்கு மட்டுமே எதிரானது, கெட்ட கடவுளை வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அவர் எண்ணம். கோடிக்கணக்கானோர் நம்புவது அந்த நல்ல கடவுளைத்தானே. இந்த வாதம் ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்த கதையைப் பார்த்தால், நல்ல தருக்கம் எப்படி நடக்கும் என்று தெரியும்.

1955இல் ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில் நாத்திகத் தத்துவவாதி ஜே.எல். மேக்கி ஒரு முரண்பாட்டை வைத்தார். கடவுள் எல்லாம் வல்லவர், அவர் முழு நல்லவர், தீமை இருக்கிறது. நல்லவர் தம்மால் ஆனமட்டும் தீமையை ஒழிப்பார், எல்லாம் வல்லவரால் ஆகாதது எதுவும் இல்லை என்ற இரண்டு இணைப்புகளைச் சேர்த்தால் முதல் மூன்றும் ஒன்றாக நிற்க முடியாது. 1974இல் பிளாண்டிங்கா பதில் சொன்னார். தாமே முடிவெடுக்கும் உயிர்களைப் படைத்துவிட்டு, அவை எப்போதும் நல்லதையே தேர்ந்தெடுக்கும்படி செய்வது எல்லாம் வல்லவராலும் ஆகாததாக இருக்கக்கூடும். ‘இருக்கக்கூடும்’ என்பதே போதும். முரண்பாடு என்ற குற்றச்சாட்டை உடைக்க உண்மையாக இருக்க வேண்டியதில்லை. மேக்கி இறந்த பிறகு 1982இல் வெளிவந்த ‘தி மிராக்கிள் ஆஃப் தீயிசம்’ நூலில், ஆத்திகத்தின் மையக் கொள்கைகள் ஒன்றோடொன்று தருக்கப்படி முரண்படுவதாகத் தீமைச் சிக்கல் காட்டிவிடவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வரி இருக்கிறது. விற்பனையில் கொடிகட்டிப் பறந்த எந்த நூலிலும் இப்படி ஒரு வரியைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அதற்கு முன்பே, 1979இல், வில்லியம் ரோ வாதத்தை வேறு தண்டவாளத்துக்கு மாற்றியிருந்தார். தொலைவான காட்டில் இடி விழுந்து தீப்பற்றுகிறது. ஒரு மான்குட்டி வெந்து, சில நாள் துடித்துக் கிடந்து சாகிறது. யாருடைய சுயவிருப்பமும் இதில் இல்லை, பாடம் கற்க யாரும் பார்க்கவும் இல்லை. இதைத் தடுத்திருந்தால் எந்தப் பெரிய நன்மை போயிருக்கும்? ஒன்றும் தெரியவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று நம்ப நியாயம் உண்டு. முரண்பாடு என்ற கோரிக்கையைக் கைவிட்டு, சான்று என்ற எளிய கோரிக்கைக்கு வந்துவிட்டார். ஸ்டீஃபன் வைக்ஸ்ட்ரா 1984இல் மறுத்தார்: காரணம் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்க வழி இருந்தால்தான், தெரியாதது சான்றாகும். தேநீர்க்கெண்டியில் பார்த்த அதே விதி, இம்முறை ஆத்திகர் கையில்.

அந்த மறுப்புக்கும் விலை உண்டு. கடவுளின் காரணங்கள் நமக்கு எட்டாதவை என்றால், குழந்தை நீரில் மூழ்குவதைத் தடுப்பது நல்லதா கெட்டதா என்றும் நமக்குத் தெரியாது என்றாகிவிடும். வேதத்தில் அவர் சொன்னவை மெய்யா, நமக்கு எட்டாத காரணத்துக்காகச் சொன்ன பொய்யா என்றும் சொல்ல முடியாமல் போகும். பால் டிரேப்பர் 1989இல் இன்னொரு படி மேலே போனார். வலியும் இன்பமும் உயிர் பிழைப்பதற்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவும் வகையில் அமைந்திருக்கின்றன. உயிர்களின் நலனில் அக்கறையுள்ள ஒருவர் இருக்கிறார் என்பதைவிட, அப்படி அக்கறை கொண்ட யாரும் இல்லை என்ற கருதுகோளில் இந்த அமைப்பு எளிதாக எதிர்பார்க்கத்தக்கது என்பது அவர் வாதம். இரண்டு கருதுகோள்களை அருகருகே வைத்து ஒப்பிடும் முறை இது. தனிக் காரணங்களைத் தேட வேண்டிய தேவையே இதில் இல்லை.

ஏன் இப்படி

நேரமும் எதிரியும்தான் முக்கியக் காரணம். ஹாரிஸ் எழுதத் தொடங்கியது 2001 செப்டம்பர் தாக்குதலின் சூட்டில். உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்ற ‘அறிவுசார் வடிவமைப்பை’ப் பள்ளியில் சொல்லித்தருவது பற்றிய டோவர் வழக்கின் தீர்ப்பு 2005 டிசம்பரில் பென்சில்வேனியாவில் வந்தது. டாக்கின்ஸின் நூல் மறுவருடம். எதிரே நின்றவர்கள் படைப்புவாதிகள் என்பதால் வடிவமைப்பு வாதமே ஆத்திகத்தின் முழு முகமாகத் தெரிந்தது. அவர்களுக்கு அந்த நூல் போதுமானது, பல இடங்களில் தேவைக்கு மேலும் கூட.

எழுதுபவர்கள் தம் துறைக்கு வெளியே நடப்பதும் காரணம். இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ் 2012இல் ஒன்றுமில்லாததிலிருந்து பிரபஞ்சம் வந்தது என்று எழுதினார். அவர் சொன்ன ஒன்றுமில்லாமை குவாண்டம் புலங்களின் ஒரு நிலை, அதுவும் ஏதோ ஒன்றுதான் என்று இயற்பியலும் தத்துவமும் தெரிந்த டேவிட் ஆல்பர்ட் மதிப்புரையில் காட்டினார். இயேசு வாழ்ந்தாரா என்ற கேள்விக்கு டாக்கின்ஸ் காட்டும் ஆள் ஜி.ஏ. வெல்ஸ், ஜெர்மன் மொழிப் பேராசிரியர். அந்தக் காலத்து வரலாற்றைப் படித்தவர்களில், மதநம்பிக்கை இல்லாத பார்ட் எர்மன் உட்பட, பெரும்பாலோர் இயேசு என்றொருவர் வாழ்ந்தார் என்றே சொல்கிறார்கள். மேற்கோள்களிலும் இதே அலட்சியம். மதமே இல்லாவிட்டால் இது உலகங்களில் சிறந்ததாக இருக்கும் என்று அமெரிக்க அதிபராக இருந்த ஜான் ஆடம்ஸ் எழுதியதாக நாத்திகத் தொகுப்புகளில் அடிக்கடி வரும். 1817 ஏப்ரலில் ஜெஃபர்சனுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் அடுத்த வரிகளிலேயே, மதம் இல்லாவிட்டால் உலகம் நரகமாகும் என்று அவர் திருப்பிப் போடுகிறார்.

புள்ளிவிவரத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களில் 7% பேர்தான் மனிதரின் வேண்டுதலைக் கேட்கும் கடவுளை நம்புகிறார்கள் என்ற 1998ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்வு எங்கும் மேற்கோளாகும். தத்துவ ஆசிரியர்களிடம் 2009இல் எடுத்த பில்பேப்பர்ஸ் என்ற கருத்துக்கணிப்பில் நாத்திகம் 72.8%, ஆனால் அதிலேயே சமயத் தத்துவத்தைத் துறையாகக் கொண்டவர்களில் பெரும்பான்மை ஆத்திகர். முதலாவதை வாதமாக எடுப்பவர் கடைசியையும் எடுக்க வேண்டும். இல்லையேல், யார் எந்தத் துறைக்குப் போகிறார்கள் என்பதும் கணக்கைத் தீர்மானிக்கும் என்று சொல்லி இரண்டையும் விடலாம். இரண்டாவதே நல்ல வழி.

இந்தக் குறைகளைப் படித்துவிட்டு ஆத்திகர் மகிழவும் ஒன்றுமில்லை. டாக்கின்ஸுக்குப் பதிலாக வந்த நூல்களின் குவியலில் பெரும்பாலானவை, அவர் வாதம் ஓட்டை, ஆகவே நம் நம்பிக்கை பத்திரம் என்ற அதே தாவலைத்தான் திருப்பிச் செய்கின்றன.

தரமானதைப் படிக்க விரும்புபவர் ராபின் லெ பொய்டெவினின் ‘ஆர்க்யூயிங் ஃபார் ஏதியிசம்’ (1996) நூலில் தொடங்கலாம். சிறியது, பாடநூல் அமைப்பு. அடுத்து மேக்கி. அவருக்கு எதிர்த்தரப்பாக ரிச்சர்ட் ஸ்வின்பர்னின் ‘தி எக்சிஸ்டன்ஸ் ஆஃப் காட்’ (1979) நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யார் யாருக்கு எங்கே பதில் சொல்கிறார் என்று விளங்கும். பிறகு கிரஹாம் ஆப்பியின் ‘ஆர்க்யூயிங் அபௌட் காட்ஸ்’ (2006). டாக்கின்ஸின் நூல் வந்த அதே வருடம் வந்தது. நியாயமாக யோசிக்கும் எதிர்த்தரப்பாரை மனம் மாற்றக்கூடிய வாதம் இரு பக்கமும் கிடையாது, நாத்திக வாதங்களுக்கும் இது பொருந்தும் என்பது அந்த நாத்திகரின் முடிவு. ஜோர்டன் ஹாவர்ட் சோபலின் ‘லாஜிக் அண்ட் தீயிசம்’ (2004) நூலைக் கடைசிக்கு வைக்கவும். அவசியம், சாத்தியம் பற்றிய தருக்கத்தின் குறியீடுகளும் நிகழ்தகவுச் சமன்பாடுகளும் பழகாமல் அதில் பல அத்தியாயங்களுக்குள் நுழையவே முடியாது.